நினைவகத்துக்கும் கொஞ்சம் தண்ணீர்

கணினிக்குள் தண்ணீர் ஓட விடலாம் என்று சொன்னால் வகுப்பில் முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "ஷொக் அடிக்காதா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஆனாலும் நாங்கள் வாழும் மலைநாட்டில் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டிய மேல் கொத்மலைத் திட்டம் 2012 முதல் 150 மெகாவாற்று வரை மின்சாரம் தருகிறது. திம்புள்ள மலைகளில் பெய்யும் மழைதான் வீட்டு விளக்கில் எரிகிறது. அந்த மின்சாரம் கணினிக்குள் போய்ச் சூடாக மாறிய பிறகு, அந்தச் சூட்டை வெளியே கொண்டுவர மறுபடியும் தண்ணீரையே அழைப்பதில் வியப்பு இல்லை.

நான் எழுதப்போவது கணினியின் ஒரு சிறிய உறுப்பைப் பற்றி. கிராபிக்ஸ் கார்ட்டின் நினைவகம் அது. அதைத் தண்ணீரால் குளிர்வித்து அதன் வேகத்தைக் கூட்டலாமா என்பதே எங்கள் வீட்டில் மூன்று மாதமாக நடந்த ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்பது பெரிய சொல். ஆனால் அதன் முடிவில் எங்கள் குடும்பத்தின் ஒரு பெரிய தீர்மானம் தங்கியிருந்தது.

எனது நானா திருமண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறார். ஹட்டன், தலவாக்கலை, திம்புள்ளப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். நிக்காஹ் மஜ்லிஸ் பகுதியை அவர் தொகுப்பார். பெண்கள் பகுதியைப் படம் பிடிப்பவரும் பெண். அதைத் தொகுப்பது நான். அந்தப் பதிவுகளை வீட்டு ஆண்கள்கூடத் திறந்து பார்ப்பதில்லை. மணமகள் வீட்டார் அதை எங்களிடம் தருவது ஓர் அமானிதம். அதனால்தான், வேலை கூடினாலும் கொழும்புக்கு அனுப்பி வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்விக்க நானா ஒருபோதும் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கணினியில்தான் எல்லாம் முடிய வேண்டும்.

அந்தக் கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்ட் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்த பிறகு இப்படியான பொருள்களின் விலை எங்கோ போய்விட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்ற மின்நாணயம் தன் முறையை மாற்றியது. அதுவரை அந்த நாணயத்தை உருவாக்க இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்ட்கள் உலகெங்கும் பழைய விலைக்கு விற்பனைக்கு வந்தன. அப்படிக் கைமாறி வந்த ஒன்றைத்தான் உம்மாவின் சீட்டுக் காசில் நானா வாங்கினார். வாப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. "அந்தக் காசுக்கு ஏஜென்சியில பதிஞ்சிருந்தா இப்ப நீ கட்டார்ல மகன்" என்றார். கார்ட் சரிவராவிட்டால் நானா கட்டாருக்குப் போவது என்று அன்றிரவே பேச்சு முடிந்தது.

கார்ட் சரிவரவில்லை. இயங்கியது, ஆனால் ஐந்து நிமிடத்தில் அதன் விசிறிகள் லொறி ஏற்றம் ஏறுவதுபோல இரையும். பிறகு வேலை மெதுவாகும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது நீண்டுகொண்டே போகும். கார்ட்டின் பிரதான சிப்பின் வெப்பநிலையைப் பார்த்தால் 70 பாகை செல்சியஸ்தான். அது அதற்குச் சாதாரணம். பிறகு எங்கே கோளாறு?

ஒரு கிராபிக்ஸ் கார்ட்டின் நடுவில் பெரிய சிப் இருக்கிறது. கணக்குப் போடுவது அது. விளம்பரத்தில் பெயர் வருவதும் அதற்குத்தான். அதைச் சுற்றிச் சிறு கறுப்புச் சதுரங்களாக அமர்ந்திருப்பவை நினைவகச் சில்லுகள். பெரிய சிப் கணக்கிட வேண்டிய ஒவ்வொரு படத்தையும் எடுத்துக் கொடுப்பதும், முடிந்ததை வாங்கி வைப்பதும் அவைதான். சமையலறையில் உம்மா ஒருவர் நின்று சமைக்கிறார், சுற்றிலும் பத்துப் பிள்ளைகள் வெங்காயமும் மிளகாயும் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் களைத்தால் உம்மாவின் கையும் நின்றுவிடும்.

சூடு நினைவகத்தை ஏன் களைக்கச் செய்கிறது என்பதை நான் தேடிப் படித்தேன். இந்த வகை நினைவகத்தில் ஒவ்வொரு தகவலும் மிக நுண்ணிய கொள்ளளவி ஒன்றில் மின்னேற்றமாக இருக்கிறது. அந்த ஏற்றம் தானாகவே கசியும். ஆகவே அது மறைவதற்கு முன் வாசித்து, மறுபடியும் எழுதிவைக்க வேண்டும். வழமையான கணினி நினைவகத்தில் இது 64 மில்லிசெக்கனுக்குள் ஒரு முறை நடக்கிறது. 85 பாகைக்கு மேல் போனால் இரு மடங்கு விரைவாக நடக்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் கசிவு கூடுகிறது. இதை வாசித்தபோது எனக்கு ஹிஃப்ழ் மத்ரஸாவில் ஓதும் என் சாச்சாவின் மகன் ஞாபகம் வந்தான். மனனமிட்ட ஜுஸ்உவைத் தினமும் மீட்டி ஓதாவிட்டால் நழுவிப்போகும். காய்ச்சல் வந்த நாளில் பழையதை மீட்டவே நேரம் போய்விடும், புதிய பாடத்துக்கு இடமிருக்காது. சூடேறிய நினைவகமும் அப்படித்தான்.

எங்கள் கார்ட்டில் இருந்தது ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற வகை நினைவகம். மைக்ரோன் நிறுவனம் தயாரித்த இது, 2020 செப்டம்பரில் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்ட்களில் முதலில் வந்தது. சாதாரண நினைவகம் ஒரு கம்பியில் ஒரு தடவைக்கு இரண்டு மின்மட்டங்களில் ஒன்றை அனுப்பும். அதாவது ஒன்று அல்லது பூச்சியம். இது நான்கு மட்டங்களில் ஒன்றை அனுப்புகிறது. எனவே ஒரே தடவையில் இரண்டு இலக்கங்கள் போகின்றன. வேகம் கூடியது, கூடவே சூடும் கூடியது. 3090 கார்ட்டில் 24 சில்லுகள் இருந்தன. அவற்றில் 12 கார்ட்டின் பின்பக்கத்தில் இருந்தன. குளிர்விக்கும் விசிறிகளோ முன்பக்கத்தில். பின்பக்கத்துச் சில்லுகளுக்கு ஒரு தகட்டைத் தவிர வேறு துணை இல்லை. 2022இல் வந்த 3090 டிஐ கார்ட்டில் பெரிய கொள்ளளவுள்ள 12 சில்லுகளையே வைத்து, எல்லாவற்றையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு விடயம். இந்தக் கார்ட்கள் வந்த புதிதில் நினைவகத்தின் வெப்பநிலையைப் பார்க்கவே பாவனையாளர்களுக்கு வழி இருக்கவில்லை. சிப்பின் வெப்பநிலை மட்டும் திரையில் தெரியும். 2021இல் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் நினைவகத்தின் வெப்பநிலையையும் காட்டத் தொடங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தங்கள் கார்ட்டின் நினைவகம் 100 பாகையைத் தாண்டி ஓடுவது தெரிந்தது. அது வரை சூடு இல்லாமல் இருக்கவில்லை. பார்க்க ஆளில்லாமல் இருந்தது.

நானா அந்த மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். சிப் 70. நினைவகம் 110. இந்த வகை நினைவகம் 110ஐத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளக் கார்ட் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். எங்கள் கார்ட் செய்ததும் அதுதான்.

நானாவின் முதல் திட்டம், தெரிந்த ஒருவர் கழற்றி வைத்திருந்த பழைய நீர்க்குளிர்ப்புத் தொகுதியைப் பொருத்துவது. ஒரு சிறிய பம்ப், ஒரு ரேடியேட்டர், இரண்டு விசிறிகள், சிப்பின் மேல் வைக்கும் ஒரு செப்பு வோட்டர் புளொக். கார்ட்டோடு வந்த பெரிய அலுமினியக் குளிர்ப்பியைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினார். நினைவகச் சில்லுகளின் மேல் சிறு சிறு உலோகத் துண்டுகளை ஒட்டினார். இணைப்புகளைச் சுற்றி உம்மா ரிஷூ கடதாசி சுற்றினார். கார்ட்டுக்கு மின்சாரம் கொடுக்காமல், பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டோம். ரிஷூ நனையவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கணினியைப் போட்டோம். சிப் 52 பாகைக்கு இறங்கியது. எங்களுக்கு நம்ப முடியாத மகிழ்ச்சி. ஆனால் வேலை முன்பைப் போலவே மெதுவாகத்தான் ஓடியது. நினைவகம் அதே 110.

காரணம் எளிது. கழற்றிய பெரிய குளிர்ப்பி சிப்பின் மேல் மட்டும் இருந்ததல்ல, நினைவகத்தையும் தொட்டுக்கொண்டு இருந்தது. புதிய புளொக் சிப்பை மட்டும் தொடுகிறது. முழுக் கார்ட்டையும் மூடும் வோட்டர் புளொக்குகளும் இருக்கின்றன. அவற்றில் ஒரே தண்ணீர் சிப்புக்கும் நினைவகத்துக்கும் மேலால் ஓடும். எங்கள் மொடலுக்குப் பொருந்தும் ஒன்றை இங்கே எங்களால் தேடிப் பிடிக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கச் சீட்டுக் காசில் மிச்சமும் இல்லை.

வாப்பா தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி ஓட்டுகிறார். அவருக்குக் கணினியில் ஒன்றும் தெரியாது. ரேடியேட்டர் தெரியும். கித்துள்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் பாதையில் இன்ஜின் கொதிக்காமல் ஏறுவது அவருடைய முப்பது வருடப் பாடம். அன்று இரவு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "எல்லாரும் சூடு எவ்வளவு, எவ்வளவுண்டு பார்க்கிறீங்க. சூடு எந்த வழியால வெளிய போகுதுண்டு பாருங்க" என்றார். "இன்ஜின்ல எந்த நேரமும் தண்ணி குறைவு இல்ல. குழாய் ஒண்டு அடைச்சிருக்கும். தண்ணி இருந்தும் ஒரு மூலைக்குப் போகாது. அந்த மூலைதான் வெடிக்கும்."

என் பௌதிகவியல் கொப்பியில் இருந்ததும் அதுவேதான், வேறு மொழியில். நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் உண்டாக்கும் வெப்பம் சில வாற்று மட்டுமே. முழுக் கார்ட்டும் எடுக்கும் 320 வாற்றோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. ஆனால் வெப்பநிலையைத் தீர்மானிப்பது வெப்பத்தின் அளவு மாத்திரமல்ல, அது வெளியேறும் பாதையின் தடையும்தான். செப்பின் வெப்பக் கடத்தாறு ஏறக்குறைய 400. தண்ணீரின் கடத்தாறு 0.6. அசையாத காற்றின் கடத்தாறு 0.03ஐக்கூட எட்டாது. சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவில் கடதாசித் தடிப்பில் காற்று நின்றாலே வழி அடைத்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தேர்மல் பேட் என்ற மெதுவான பட்டைகளை வைக்கிறார்கள். எங்கள் கார்ட்டில் இருந்த பழைய பட்டைகள் இரண்டு வருடச் சூட்டில் காய்ந்து, பொடிப்பொடியாக உதிர்ந்தன.

தண்ணீரின் கடத்தாறு இவ்வளவு குறைவு என்றால் அதை ஏன் பயன்படுத்துகிறார்கள்? தண்ணீர் வெப்பத்தைக் கடத்துவதால் அல்ல, சுமப்பதால். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 4200 யூல் வேண்டும். எங்கள் பம்ப் நிமிடத்துக்கு 2 லீற்றர் தள்ளுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். கார்ட்டின் 320 வாற்று முழுவதையும் வாங்கிக்கொண்டாலும், ஒரு சுற்றில் தண்ணீர் சூடாவது 2.3 பாகை மட்டும். அதே வேலையைக் காற்று செய்வதானால், காற்றை 10 பாகை சூடாக விட்டாலும், செக்கனுக்கு 27 லீற்றர் காற்று கொழும்பில் வேண்டும். ஹட்டன் போல் 1250 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் 30 லீற்றருக்கு மேல் வேண்டும். எங்கள் ஊர்க் காற்று குளிர்ந்தது, ஆனால் மெலிந்தது. குளிர்ச்சியால் கிடைக்கும் நன்மை பெரிது என்பதால் மொத்தத்தில் நாங்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். ஆனாலும் விசிறி இங்கே கொஞ்சம் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும்.

ஆகவே நினைவகத்துக்குத் தனி வழி ஒன்று வெட்டத் தீர்மானித்தோம். சிப்புக்கு இடம் விட்டு, சில்லுகள் இருக்கும் மூன்று பக்கத்தையும் மூடும்படி ஒரு செப்புத் தகட்டின் வடிவத்தை நான் வரைபுத் தாளில் வரைந்தேன். அரை மில்லிமீற்றர் பிழைத்தாலும் சிப்பின் புளொக் சரியாக அமராது. நானா அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வெட்டுவித்தார். தகட்டின் கீழே புதிய தேர்மல் பேட், மேலே ஒரு சிறிய செப்பு வோட்டர் புளொக். சிப்பிலிருந்து வெளியே வரும் குழாயை அதனுள் விட்டு, பிறகு ரேடியேட்டருக்குக் கொண்டுபோனோம். மலிவாகக் கிடைக்கும் அலுமினியப் புளொக்கை வாங்க வேண்டாம் என்று தடுத்தவர் வாப்பா. ஒரே தண்ணீரில் செப்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும் என்பது இரசாயனவியல் பாடத்தில் மின்கலம் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் அதைப் பழுதான ரேடியேட்டர்களில் படித்திருக்கிறார்.

எந்தத் தண்ணீர் என்பதிலும் ஒரு வாக்குவாதம் வந்தது. எங்கள் வீட்டுக்கு மேலே பீலியில் வருடம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் கொட்டுகிறது. குழாய் போட்டு அதையே நேராகக் கார்ட்டுக்குள் ஓடவிட்டால் ரேடியேட்டரே வேண்டாம் என்று நானா சொன்னார். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பீலித் தண்ணீரில் மண்ணும் பாசியும் வரும், புளொக்கின் நுண்ணிய பள்ளங்களை அடைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து பனிபடுநிலை. மழைக்காலத்து மாலையில் மூடுபனி இறங்கும்போது எங்கள் அறையில் காற்று 17 பாகை, சாரீரப்பதன் 95 வீதம் என்று வையுங்கள். அப்போது பனிபடுநிலை 16 பாகைக்குச் சற்று மேல். குழாயில் ஓடும் தண்ணீர் 15 பாகையாக இருந்தால், ஐஸ் தண்ணீர்ப் போத்தலின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோலக் குழாயும் புளொக்கும் வியர்க்கும். அந்தத் துளிகள் மின்சுற்றின் மேல் விழும். குழாய் கசியாமலே கார்ட் நனைந்துவிடும். சாதனைக்காக ஐஸும் திரவ நைதரசனும் ஊற்றி ஓவர்க்ளொக் செய்பவர்கள், மின்சுற்றைச் சுற்றிக் காப்புப் பூசித்தான் செய்கிறார்கள். ரேடியேட்டர் வழியாகச் சுற்றும் தண்ணீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே ஒருபோதும் போகாது. ஆகவே அது வியர்க்காது. வடித்த தண்ணீரும், பாசி பிடிக்காமல் இருக்க அதற்கென்று விற்கும் சேர்மானமும் ஊற்றினோம். "வுழூவுக்கும் இவ்வளவு யோசிச்சுத் தண்ணி பாவிச்சா நல்லம்" என்று உம்மா சொன்னார்.

முடிவை ஒரு கொப்பியில் பதிந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே திருமணக் காட்சியை, அதே அளவில், அதே விசிறி வேகத்தில் ஓடவிட்டோம். நினைவகம் 110 பாகையில் திணறியபோது அந்த வேலைக்கு எடுத்த நேரம் 11 நிமிடம் 40 செக்கன். செப்புத் தகட்டோடும் தண்ணீரோடும் நினைவகம் 82 பாகையில் நின்றது. நேரம் 9 நிமிடம் 50 செக்கன். வேகத்தை ஒரு புள்ளிகூடக் கூட்டாமலேயே 1 நிமிடம் 50 செக்கன் மிச்சம்.

அடுத்தது ஓவர்க்ளொக். அதாவது, தயாரித்தவர்கள் நிர்ணயித்த மீடிறனுக்கு மேலே நினைவகத்தை ஓட்டுவது. நானா கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். நேரம் 9 நிமிடம் 32 செக்கனுக்கு வந்தது. 18 செக்கன் இலாபம். இன்னும் கூட்டினார். திரையில் மீடிறன் இலக்கம் ஏறியது. படத்தில் ஒரு புள்ளிகூடப் பிழைக்கவில்லை. கணினி நின்றுபோகவுமில்லை. எல்லாம் சரி என்றுதான் தோன்றியது. ஆனால் கடிகாரம் 9 நிமிடம் 47 செக்கன் என்றது. வேகம் கூடியிருக்கிறது, வேலை மெதுவாகியிருக்கிறது!

இதற்கு விளக்கம் இருக்கிறது. பழைய கார்ட்களில் நினைவகத்தை அளவுக்கு மேல் ஓட்டினால் திரையில் கோடுகளும் வண்ணப் பொட்டுகளும் வரும். பிழை கண்ணுக்குத் தெரியும். இந்த வகைக் கார்ட்களில் அனுப்பும் தகவலில் பிழை இருந்தால் கண்டுபிடித்து, அதே தகவலை மறுபடியும் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. எனவே பிழை திரைக்கு வராது. ஆனால் ஒரே பொதியை இரண்டு தரம், மூன்று தரம் அனுப்புவதிலேயே நேரம் போகும். வெளியே பார்க்கிறவருக்கு இலக்கம் ஏறுகிறது. உள்ளே நடப்பது திருத்தமும் திரும்பச் செய்வதும் மட்டும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் தவிர அது பிடிபடாது.

அந்த இரண்டு இலக்கங்களையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். குளிர்வித்ததால் கிடைத்தது 110 செக்கன். வேகத்தைக் கூட்டியதால் கிடைத்தது 18 செக்கன். அதற்கும் மேலே கூட்டியபோது அந்த 18இல் 15ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நானா மீடிறனைப் பழையபடி இறக்கி, நடு அளவில் நிறுத்திவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

உயர்தரம் படிக்கும் எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. காலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, பாடசாலை விட்டு ஒரு வகுப்பு, சனி ஞாயிறு கண்டிக்கு அல்லது நுவரெலியாவுக்கு இன்னொரு வகுப்பு. கடந்தகால வினாத்தாள் பத்து வருடம் செய்தாயா, பதினைந்து வருடம் செய்தாயா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். எண்ணிக்கை ஏறுகிறது. இரவு ஒரு மணிக்கு ஒரே வினாவை மூன்று தரம் வாசிக்கிறோம், மூன்றாவது தரத்திலும் அது மனதில் நிற்பதில்லை. கொப்பியில் பக்கம் கூடியிருக்கும். வெளியே பார்ப்பவருக்குப் பிழை தெரியாது. பிள்ளை புத்தகத்தோடுதானே இருக்கிறாள் என்பார்கள். உழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கார்ட்டும் உழைக்கத்தான் செய்கிறது, அதுவும் முன்பைவிடக் கூடுதலாக. முதலில் சூடு போக வழி செய்ததால்தான் அதனால் உழைக்க முடிந்தது. ஒரு பிள்ளைக்கு அந்த வழி, நேரத்துக்கு நித்திரை, சுபஹுக்குப் பிறகு சற்று அமைதி, வீட்டில் யாராவது ஒருவர் பெறுபேற்றைப் பற்றிக் கேட்காமல் பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடிப்பது. இவை சிறிய விடயங்கள்தான். சில வாற்று வெப்பமும் சிறியதுதான். போக வழி இல்லாவிட்டால் அதுவே 110 பாகை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் நடுவில் இருக்கும் சிப் யாரென்று எல்லாருக்கும் தெரியும். பரீட்சை எழுதும் பிள்ளை, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் மகன், கடை நடத்தும் வாப்பா. அவர்களைச் சுற்றி நின்று எடுத்துக் கொடுப்பவர்களின் வெப்பநிலையையும் இடைக்கிடை பாருங்கள். எங்கள் வீட்டில் அது உம்மா. சீட்டுக் காசைக் கேட்டபோது ஒரு சொல் மறுக்கவில்லை. மூன்று மாதமாக நானாவும் வாப்பாவும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாள்களில் இருவருக்கும் நடுவில் நின்று சாப்பாடு வைத்தவரும் அவர்தான். அவர் எவ்வளவு சூட்டைச் சுமந்தார் என்பதைக் காட்டும் மென்பொருள் எதுவும் இல்லை. கேட்டால்தான் தெரியும். நான் கேட்டேன். "ஒண்டுமில்ல மகள்" என்றார். அதுவும் பிழையைக் காட்டாமல் மறுபடி அனுப்பும் ஏற்பாடுதான் என்று இப்போது விளங்குகிறது. அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் என் பொறுப்பு.

கட்டார்ப் பேச்சு முற்றாக முடியவில்லை. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வரும் திருமணங்களில் ஆறு வீட்டார் முற்பணம் தந்திருக்கிறார்கள். அவற்றை முடித்துக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று வாப்பாவே சொன்னார். லொறிக்குக் கூலண்ட் வாங்கப் போகும்போது, கார்ட்டுக்கும் வடித்த தண்ணீர் வேண்டுமா என்று இப்போதெல்லாம் அவராகவே கேட்கிறார். அல்ஹம்துலில்லாஹ். மாதத்துக்கு ஒரு தடவை நான் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஊற்றி வைக்கிறேன்.